ரியாலிட்டி ஷோதான் அமெரிக்க டிவியைக் கவிழ்த்ததா?

சண்டை இதுதான். ஒரு கட்சி சொல்கிறது: ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் என்ற நான்கு அமெரிக்க நெட்வொர்க்குகளும் இன்று பார்க்க ஆளில்லாமல் கிடக்கக் காரணம் ரியாலிட்டி ஷோதான், நல்ல தொடர்களைத் துரத்திவிட்டுக் குப்பையைக் கொட்டினார்கள், ரேட்டிங் போனது. எதிர்க்கட்சி சொல்கிறது: அது மட்டும் வரவில்லை என்றால் இருபது வருடத்துக்கு முன்பே கடையைச் சாத்தியிருப்பார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்குப் பாதி மார்க் போட்டு நழுவிவிடலாம். ஆனால் முதல் கட்சி வருடக் கணக்கிலேயே தோற்றுவிடுகிறது. இரண்டாவது கட்சி சரியான சாலையில்தான் கிளம்புகிறது, முக்கியமான ஒரு திருப்பத்தைக் கவனிக்காமல் போய்விடுகிறது.

முதலில் வருடக் கணக்கு. 1970களின் கடைசியில் இரவு பிரைம் டைமில் டிவி போட்டிருந்த அமெரிக்க வீடுகளில் சுமார் 90 சதவீதம் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மூன்றில் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. (ஃபாக்ஸ் அப்போது பிறக்கவே இல்லை, அது வந்தது 1986ல்.) 1983 பிப்ரவரியில் 'மேஷ்' தொடரின் கடைசி எபிசோடை சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே எண்பதுகளில்தான் கேபிள் வீட்டுக்கு வீடு நுழைகிறது, விசிஆர் என்ற வீடியோ பதிவுக் கருவி வருகிறது, ரிமோட் கைக்கு வருகிறது. எழுந்து போய் சேனலைத் திருப்ப வேண்டிய சோம்பல்தான் அதுவரை நெட்வொர்க்குகளுக்குப் பாதிப் பாதுகாப்பு, அது போச்சு. இன்று நாம் ரியாலிட்டி யுகம் என்று சொல்வதன் வாசற்படி 2000ம் வருடம் மே 31 அன்று சிபிஎஸ் ஒளிபரப்பிய 'சர்வைவர்' முதல் எபிசோட். அதற்குள் சரிவு தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது. நோயாளி படுத்த பிறகு வந்த மருந்தை, நோய் வந்ததற்கே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அந்த மருந்தை எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது வேறு கதை, அங்கேதான் எனக்கு வருத்தம். அதற்கு வருகிறேன்.

ஏன் இதில் இறங்கினார்கள் என்பதற்கு நிறையப் பேர் சொல்லும் பதில், "மலிவு." சரிதான். ஆனால் எதோடு ஒப்பிட்டு மலிவு என்று பார்த்தால்தான் அவர்கள் பயம் புரியும். 1998ல் 'ஈஆர்' என்ற மருத்துவமனைத் தொடரைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள என்பிசி ஒரு எபிசோடுக்கு 1.3 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. அதே என்பிசியில் ஓடிய 'ஃப்ரெண்ட்ஸ்' காமெடித் தொடரின் கடைசி இரண்டு சீசன்களில் ஆறு நடிகர்களும் ஆளுக்கு எபிசோடுக்குப் பத்து லட்சம் டாலர் வாங்கினார்கள். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டுமே என்பிசியின் சொத்து இல்லை, வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. தொடர் ஓடாவிட்டால் நஷ்டம் இருவருக்கும், ஓடினால் தயாரிப்பாளர் விலையை ஏற்றுவார், பிறகு மறு ஒளிபரப்பு உரிமையை விற்று வரும் பெரும்பணமும் அவருக்கே. வெற்றியே நெட்வொர்க்குக்கு ஒரு கடன்பத்திரம் மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் ஒருவர் வந்து, நட்சத்திரங்கள் வேண்டாம், எழுத்தாளர் சங்கத்தோடு பேச்சுவார்த்தை வேண்டாம், பதினாறு பேரை ஒரு தீவில் இறக்கிவிடுவோம், செலவுக்கு ஸ்பான்சர்களை முன்கூட்டியே பிடித்துத் தருகிறேன் என்றால் காது கொடுக்காமல் இருப்பார்களா? 'சர்வைவர்' அமெரிக்காவுக்கு வந்தது ஏறக்குறைய அப்படித்தான். மூலம் 1997ல் ஸ்வீடனில் வந்த 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்'. தயாரிப்பாளர் மார்க் பர்னெட் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார், பல இடங்களில் முடியாது என்றார்கள்.

சங்கம் என்று சொன்னேன் இல்லையா, இந்த வகை ஷோக்களின் ஜாதகத்தில் வேலைநிறுத்தத்துக்கு ஒரு தனிக் கட்டமே உண்டு. 1988ல் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மார்ச்சில் ஃபாக்ஸில் வந்தது 'காப்ஸ்'. போலீஸ்காரர் பின்னால் கேமராவோடு ஓடுவது, அவ்வளவுதான், வசனம் எழுத ஆள் வேண்டாம், பின்னணியில் கதை சொல்லும் குரல்கூட வேண்டாம். ஃபாக்ஸில் மட்டும் 2013 வரை ஓடியது. 2007 நவம்பரில் தொடங்கிய அடுத்த பெரிய வேலைநிறுத்தத்தின்போதும் இடைவெளியை நிரப்பியது இதே சரக்கு. 2023ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் சேர்ந்து நின்றபோது சிபிஎஸ் தன் 'சர்வைவர்', 'அமேசிங் ரேஸ்' இரண்டையும் தொண்ணூறு நிமிடத்துக்கு இழுத்துவிட்டது.

சரி, இப்போது மருந்தை எப்படிச் சாப்பிட்டார்கள் என்ற கதை. ஒரே காலத்தில், ஒரே மாதிரி அதிர்ஷ்டம் அடித்த இரண்டு வீடுகள்.

முதல் வீடு ஏபிசி. 1999 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து வாங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' வினாடி வினாவை ரீஜிஸ் ஃபில்பின் நடத்த, இரண்டு வாரச் சோதனையாகப் போட்டார்கள். பற்றிக்கொண்டது. 1999-2000 சீசனின் ரேட்டிங் பட்டியலில் முதல் மூன்று இடங்களும் அதே நிகழ்ச்சிக்குத்தான், செவ்வாய் பதிப்பு, வியாழன் பதிப்பு, ஞாயிறு பதிப்பு என்று. இப்படி ஒன்று நடந்தால் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? ஏபிசி அடுத்த சீசனில் அதை வாரத்துக்கு நான்கு நாளாக்கியது. புதுத் தொடர்களுக்கு நேரம் கொடுத்து, அடிபட்டு, தேறி, மூன்றாவது சீசனில் காய்க்க வைக்கும் அந்தப் பொறுமையான வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள் என்றே சொல்லலாம். விதைநெல்லைக் குத்திச் சோறு வடித்த கதை. மக்களுக்குச் சலித்தது, 2002ல் பிரைம் டைமிலிருந்து ஷோவைத் தூக்கினார்கள், அப்போது திரும்பிப் பார்த்தால் களத்தில் ஒன்றுமில்லை. ஏபிசி தலைதூக்கியது 2004 இலையுதிர் காலத்தில், 'லாஸ்ட்', 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' என்ற இரண்டு எழுதப்பட்ட தொடர்களால். அதிலும் 'லாஸ்ட்' யோசனையைக் கிளப்பிய லாயிட் பிரான் என்ற அதிகாரி, முதல் எபிசோடுக்கே ஒரு கோடி டாலருக்கு மேல் செலவாக விட்டவர், அது ஒளிபரப்பாவதற்குள் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். விதைத்தவருக்கு அறுவடை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டாவது வீடு சிபிஎஸ். அந்தக் காலத்தில் அதற்கு "தாத்தா பாட்டி சேனல்" என்றுதான் பெயர். 'சர்வைவர்' முதல் எபிசோடை 1.5 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆகஸ்ட் 23 இறுதிச்சுற்றை 5.17 கோடி. அதுவும் கோடைக்காலத்தில், நெட்வொர்க்குகள் எல்லாம் பழைய எபிசோடுகளை மறுபடி போட்டுவிட்டுத் தூங்கும் மாதங்களில். இங்கே சிபிஎஸ் செய்த காரியத்தைக் கவனியுங்கள். அதை வாரம் நான்கு நாள் போடவில்லை. 2001 தொடக்கத்தில் வியாழக்கிழமை எட்டு மணிக்கு, நேராக 'ஃப்ரெண்ட்ஸ்' எதிரில் கொண்டுபோய் நிறுத்தியது, வியாழன் இரவு அதுவரை என்பிசியின் பட்டா நிலம். பின்னாலேயே ஒன்பது மணிக்கு, வெள்ளிக்கிழமை ஓடிக்கொண்டிருந்த புதுத் தொடர் ஒன்றை நகர்த்தி வைத்தது. அந்தத் தொடர் 'சிஎஸ்ஐ', ஒரு துப்பறியும் கதை. 'சர்வைவர்' பார்க்க வந்த கூட்டம் எழுந்து போகாமல் அதையும் பார்த்தது. 2002-03 சீசனில் அமெரிக்காவின் நம்பர் ஒன் தொடர் 'சிஎஸ்ஐ'தான். அன்றிலிருந்து பெரும்பாலான வருடங்களில் மொத்தப் பார்வையாளர் கணக்கில் முதலிடம் சிபிஎஸ்ஸுக்குத்தான். இன்னொரு வயிற்றெரிச்சல் சமாச்சாரமும் உண்டு: 'சிஎஸ்ஐ' முதலில் டிஸ்னியின் ஸ்டுடியோவில் உருவானது. செலவுக்குப் பயந்து டிஸ்னி விலகிக்கொண்டது. டிஸ்னி என்றால் ஏபிசியின் சொந்தக்காரர். மில்லியனர் கொட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த அதே வருடத்தில்.

இரண்டு வீட்டுக்கும் கிடைத்தது ஒரே வகைச் சரக்கு. ஒரு வீட்டில் அது கூட்டத்தைக் கூட்டி வந்து அடுத்த தொடருக்கு உட்கார வைத்தது, இன்னொரு வீட்டில் அடுத்த தொடருக்கான இடத்தையே தின்றது. அதனால்தான் "ரியாலிட்டி ஷோ காப்பாற்றியது" என்பவர்களோடும் என்னால் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. எந்த வீட்டை, எப்படி என்று கேட்க வேண்டும்.

ஃபாக்ஸ் கதை தனி. 2000 பிப்ரவரியில் முகமே தெரியாத ஒரு கோடீஸ்வரரைப் பெண்கள் மேடையிலேயே போட்டியிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளும் ஒரு ஷோ போட்டார்கள், இரண்டு கோடிக்கும் மேல் பேர் பார்த்தார்கள், மாப்பிள்ளை மேல் ஏற்கெனவே ஒரு நீதிமன்றத் தடையுத்தரவு இருந்தது வெளியே வந்ததும் மறு ஒளிபரப்பை ரத்து செய்துவிட்டு ஓடினார்கள். அந்த அவமானம் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. 2003ல் 'ஜோ மில்லியனர்'. பணக்காரன் என்று நம்பவைக்கப்பட்ட ஆள் உண்மையில் கட்டடத் தொழிலாளி என்பதுதான் முடிச்சு. இறுதிச்சுற்றுக்கு சுமார் 4 கோடிப் பேர். அதே வருடம் இரண்டாவது சீசன் எடுத்தார்கள், அமெரிக்காவில் முடிச்சு எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஐரோப்பாவிலிருந்து பெண்களைக் கூட்டி வந்து. படுதோல்வி. ஏமாறுபவர்களுக்குத் தெரியாமல் இருந்து என்ன பயன், பார்ப்பவருக்குத் தெரியுமே. ஆனால் பார்ப்பவர்கள் ஓட்டுப் போட்டு ஜெயிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் பாட்டுப் போட்டியான 'அமெரிக்கன் ஐடல்' அப்படிப்பட்ட ஒருமுறை வெடி இல்லை. 2002 ஜூனில் தொடங்கி, 2003-04லிருந்து தொடர்ந்து எட்டு சீசன் நாட்டின் நம்பர் ஒன். உச்சத்தில், 2006ல், சராசரியே சுமார் 3 கோடி. போட்டிச் சேனல்காரர்கள் அது ஓடும் நேரத்தில் எதிரே நல்ல சரக்கைப் போடவே பயந்தார்கள்.

ஐடலின் பலம் என்ன என்று கேட்டால் எல்லோரும் திறமை, நடுவர் திட்டு என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஓட்டும் முடிவும். டிவோ மாதிரிப் பதிவுப் பெட்டிகள் 1999லிருந்தே வந்துவிட்டன, பதிவு செய்து பார்ப்பவர் முதலில் செய்வது விளம்பரத்தை ஓட்டிவிடுவது. தொடரைச் சனிக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம், ஐடல் முடிவை அப்படிப் பார்க்க முடியாது, மறுநாள் காலை ஆபீஸில் யாராவது உடைத்துவிடுவார்கள். ஆக விளம்பரத்தோடு, அந்த நேரத்திலேயே உட்கார்ந்து பார்க்க வைக்கும் சக்தி போட்டி ஷோக்களுக்கும் விளையாட்டுக்கும்தான் மிஞ்சியது. 2023ல் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட நூறு ஒளிபரப்புகளில் 93 தேசிய ஃபுட்பால் லீக் ஆட்டங்கள் என்றால் அதே காரணம்தான்.

இங்கே ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ரசிகர் சண்டையில் பாதி இதைப் புரிந்துகொள்ளாததால் வருகிறது. "எனக்குத் தெரிந்த எல்லோரும் பார்க்கிறோம், அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்?" உங்களை யாரும் எண்ணவில்லை என்பதுதான் பதில். நீல்சன் நிறுவனம் பல வருடமாக நாடு முழுக்கச் சுமார் 40,000 சொச்சம் வீடுகளில் கருவி வைத்து அளந்தது. அந்த வீட்டில் நீங்கள் இல்லையென்றால் நீங்கள் பத்து தடவை பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். இப்போது செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் டிவி தரும் பெருங்கணக்கையும் அதோடு சேர்த்துக்கொள்கிறார்கள், அதனால் இது கொஞ்சம் மாறி வருகிறது.

இன்னொன்று, தலை எண்ணிக்கை முக்கியமே இல்லை என்ற காலம் ரொம்ப நாள் இருந்தது. விளம்பரதாரர் காசு கொடுப்பது 18லிருந்து 49 வயதுக்காரர்களுக்கு. 1971ல் சிபிஎஸ் 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்' மாதிரி ஓடிக்கொண்டிருந்த கிராமத்துக் காமெடிகளைக் கொத்தாக வெட்டியெறிந்தது, பார்ப்பவர்கள் வயதானவர்கள், நகரத்தில் இல்லாதவர்கள் என்று. ஒரு கோடிப் பேர் பார்க்கும் துப்பறியும் தொடரைவிட அறுபது லட்சம் பேர் பார்க்கும் டேட்டிங் ஷோவின் விளம்பர விநாடி விலை கூடுதலாக இருக்கும் என்றால் இதுதான் கணக்கு. 2007லிருந்து காசு பேசுவது நிகழ்ச்சியின் ரேட்டிங்கை வைத்துக்கூட இல்லை, மூன்று நாளுக்குள் விளம்பரங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை வைத்து. நாம் சண்டை போட்டுக்கொள்ளும் எண் ஒன்று, அவர்கள் பில் போடும் எண் வேறு.

"எல்லாம் செட்டப்" என்ற வாதமும் கூடவே வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1950களில் 'ட்வென்டி ஒன்' முதலான வினாடி வினாக்களில் பதிலை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது அம்பலமாகி, 1959 நவம்பரில் அதில் ஜெயித்துப் புகழ்பெற்ற போட்டியாளர் சார்ல்ஸ் வான் டோரன் அமெரிக்க காங்கிரஸ் குழு முன் ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமே, அறிவுப் போட்டி, திறமைப் போட்டி, அதிர்ஷ்டப் போட்டிகளின் முடிவை முன்கூட்டித் தீர்மானித்துப் பார்வையாளரை ஏமாற்றுவது சட்டப்படி குற்றமானது. அதனால் பரிசுப் பணம் உள்ள ஷோக்களில் ஓட்டை மாற்றி எண்ணுவது சுலபமில்லை, நெட்வொர்க் வக்கீல்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். ஆனால் எடிட்டிங் அறைக்கு அந்தச் சட்டம் வராது. திங்கட்கிழமை சொன்ன பாதி வாக்கியத்தையும் வியாழக்கிழமை சொன்ன பாதி வாக்கியத்தையும் ஒட்டி ஒருவர் வாயில் வைப்பார்கள், தொழிலில் அதற்கு 'ஃபிராங்கன்பைட்' என்றே பெயர். பேசுபவர் முகத்தைக் காட்டாமல் குரல் மட்டும் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சமையல் போட்டியான 'டாப் செஃப்' முடிவில் ஓடும் பொடி எழுத்தைப் படித்திருக்கிறீர்களா? நடுவர்கள் தயாரிப்பாளர்களோடு கலந்து பேசித்தான் முடிவெடுத்தார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம், "எழுத்தாளரே இல்லாத ஷோ" என்பதும் கதைதான். 2006ல் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' ஷோவில் காட்சிகளைக் கதையாகக் கோக்கும் 'ஸ்டோரி எடிட்டர்கள்' எங்களையும் எழுத்தாளராக ஒப்புக்கொள்ளுங்கள் என்று வெளியே வந்து போராடினார்கள். ஒப்புக்கொள்ளப்படவில்லை, அந்த வேலைகளே போயின. மலிவு மலிவு என்கிறோமே, அந்த மலிவில் இவர்கள் சம்பளமும் அடக்கம்.

விதைநெல் விஷயத்துக்குத் திரும்புகிறேன். என்பிசி 2004 மே மாதம் 'ஃப்ரெண்ட்ஸ்' முடிந்ததும் (கடைசி எபிசோடுக்கு 5.25 கோடிப் பேர்) 18-49 கணக்கில் ஒரே வருடத்தில் முதலிடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு உருண்டது. பதிலாக 'அப்ரென்டிஸ்' மாதிரி ரியாலிட்டி ஷோக்களை நம்பினார்கள். 2009 செப்டம்பரில் இன்னும் ஒருபடி போய், திங்கள் முதல் வெள்ளி வரை இரவு பத்து மணி நாடக நேரத்தையே காலி செய்து ஜே லெனோவின் அரட்டை ஷோவைப் போட்டார்கள். அது ரியாலிட்டி ஷோ இல்லை, ஆனால் புத்தி அதே புத்தி, குறைந்த ரேட்டிங் வந்தாலும் குறைந்த செலவில் லாபம். பின்னாலேயே உள்ளூர் நிலையங்கள் போடும் செய்திக்குக் கூட்டம் இல்லாமல் போய், அந்த நிலையங்கள் கொதித்தெழுந்து, ஐந்தே மாதத்தில் முடித்தார்கள்.

இதன் முழு விலை ஸ்ட்ரீமிங் வந்த பிறகுதான் தெரிந்தது. போன வருடத்துப் பாட்டுப் போட்டியை யார் மறுபடி பார்ப்பார்கள், யார் ஜெயித்தது என்று தெரிந்த பிறகு? ஆனால் 2004ல் முடிந்த 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை 2019ம் வருடம் ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள நெட்ஃபிளிக்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஒரு நல்ல தொடர் நிலம் மாதிரி, போட்டி ஷோ காய்கறி மாதிரி, அன்றைக்கே விற்றாக வேண்டும். மளமளவென்று காய்கறி மட்டும் போட்ட வருடங்களுக்கு இன்று களஞ்சியத்தில் ஒன்றும் இல்லை.

ஆனால் நிலைமை இவ்வளவுதூரம் போனதற்கு அதை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 2025 மே மாதத்தில் அமெரிக்கர்கள் டிவி பார்த்த நேரத்தில் ஸ்ட்ரீமிங் பங்கு 44.8 சதவீதம், நெட்வொர்க்குகளும் கேபிளும் கூட்டாகச் சேர்ந்தும் அதை எட்டவில்லை. ஏரியே வற்றுகிறது, எந்த வலை போட்டாலும் மீன் குறைவாகத்தான் விழும். 'சர்வைவர்' 2026ல் ஐம்பதாவது சீசனைத் தொட்டது. ஒளிபரப்பாகும் இரவில் பார்ப்பவர்கள் முதல் இறுதிச்சுற்றுக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், ஆனாலும் சிபிஎஸ்ஸுக்கு அது இன்னும் பலமான ஷோ. அதே எண்ணை 2000ல் யாராவது எடுத்திருந்தால் மூன்றாவது வாரமே மூடியிருப்பார்கள். ஐடலை ஃபாக்ஸ் 2016ல், கூட்டம் கரைந்துவிட்டது என்று முடித்து வைத்தது. இரண்டே வருடத்தில் அதை எடுத்துத் தூசு தட்டி மறுபடி ஓட்டியது யார் தெரியுமா? மில்லியனரை வாரம் நான்கு நாள் போட்டுக் கொன்ற அதே ஏபிசி. இந்த முறை கொஞ்சம் நிதானமாகத்தான் பரிமாறுகிறார்கள்.